யாருமே கொடுக்காத நாற்பதாயிரம் பவுண்டு

இங்கிலாந்தில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்து நாலைந்து வருஷமாகி இப்போதுதான் கொஞ்சம் பெரிய வண்டிக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள், ஷோரூமுக்குக் கிளம்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு நான் ரோடு டாக்ஸாக மட்டும் 1,818 பவுண்டு 50 பென்ஸ் கட்டியிருக்கிறேன். அதில் 1,225 பவுண்டு, விலை உயர்ந்த கார் வைத்திருப்பவன் என்பதற்காகக் கட்டியது. என்னிடம் இருப்பது குடும்பத்தோடு ஏறுவதற்காக வாங்கிய ஏழு சீட் பெட்ரோல் வண்டி. வாங்கும்போதே அது இரண்டு வருஷம் ஓடியிருந்தது.

2023 கோடையில் எங்களுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. பழைய சின்ன வண்டியின் பின்சீட்டில் மூன்று குழந்தை சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியவில்லை. பேறுகாலத்துக்கு வந்திருந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு நடை அடிக்க வேண்டியிருந்தது. நான் கிடங்கில் ஷிஃப்ட் பார்ப்பவன், மனைவி கேர் ஹோமில் வேலை பார்க்கிறாள். நாங்கள் இருப்பது லெஸ்டரில். இரண்டு மாதம் சனி, ஞாயிறெல்லாம் அலைந்து கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றோம். ஒரே மாடல், ஒரே வருஷம், 2021 செப்டம்பர் பதிவு, ஓடிய மைலிலும் பெரிய வித்தியாசமில்லை. கவென்ட்ரியில் இருந்தது வெள்ளை, 22,700 பவுண்டு. நார்தாம்ப்டனில் இருந்தது சாம்பல் நிறம், 22,300 பவுண்டு. சாம்பலில் பின்னால் கேரவன் இழுக்கிற கொக்கி வேறு இருந்தது. நிறமும் பளபளவென்று அழகாக இருந்தது. நானூறு பவுண்டு மிச்சம், கூடவே கொக்கி, வேறென்ன வேண்டும் என்று சாம்பலையே முடித்துவிட்டேன்.

ஒரே மாதிரி இரண்டு வண்டிகளில் ஒன்று மட்டும் விலை குறைவாக இருந்தால், ஏன் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் அடிபட்ட வண்டியா, கடன் நிலுவை இருக்கிறதா, சர்வீஸ் வரலாறு எப்படி என்றெல்லாம் துருவிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். வரி என்று ஒன்று விலையைக் குறைக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் விளம்பரத்திலேயே "சாலை வரி வருடத்துக்கு 180 பவுண்டு" என்று போட்டிருந்தார்கள். அதை நான் என் நோட்டில் எழுதி, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதக் கணக்குப் போட்டு, மனைவியிடம் காட்டி, சமாளித்துவிடலாம் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே வண்டி கைமாறினால் வரி கூடவே வராது. 2014 அக்டோபர் 1-ஆம் தேதி கண்ணாடியில் ஒட்டுகிற வட்டக் காகிதத்தை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து இதுதான் விதி. விற்றவருக்கு மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான பணம் திரும்பிப் போய்விடும், வாங்கியவர் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும். சேல்ஸ்மேன் வண்டியின் பதிவுச் சான்றான லாக் புக்கிலிருந்து பச்சை நிறத் துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் இருக்கிற 12 இலக்க எண்ணை நான் போனில், வரி கட்டும் அரசுத் தளத்தில் அடிக்கிறேன். மனைவி கைக்குழந்தையோடு வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள், மற்ற இரண்டு பேரும் பின்சீட்டை மடக்கி நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் 570 பவுண்டு என்று வந்தது.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் 570. சேல்ஸ்மேனிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது முதல் சில வருஷங்களுக்கு மட்டும் வரும், அப்புறம் இறங்கிவிடும் என்றார். விளம்பரத்தில் 180 என்று இருந்ததே என்றேன். அது கம்ப்யூட்டர் தானாகப் போடுவது, மேனேஜரிடம் சொல்கிறேன் என்றார். பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது. பழைய வண்டியையும் அவர்களிடமே மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெளியே இருட்டு, குளிர், மூன்று குழந்தைகள். அந்த இடத்தில் நின்று சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை. கட்டிவிட்டேன். 570 ஒரே தடவையில் கட்டக் கையில் இல்லாததால் மாதாமாதம் டைரக்ட் டெபிட் என்று தேர்வு செய்தேன். மாதம் 49 பவுண்டு 87 பென்ஸ். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் வாயே திறக்கவில்லை. மனைவி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னேன். அவள் கோபித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி விடுங்க, கட்டிக்கலாம்" என்றாள்.

மாதத் தவணைக்கு ஐந்து சதவீதம் கூடுதல் பிடிப்பார்கள். 570 என்பது 598 பவுண்டு 50 பென்ஸ் ஆகிவிட்டது. மொத்தமாகக் கட்ட வசதி உள்ளவருக்கு 570, இல்லாதவருக்கு 598.50. வருஷத்துக்கு ஒரு தடவை என்று டைரக்ட் டெபிட் போட்டால் இந்தக் கூடுதல் கிடையாது. இன்னொன்று, மாதக் கடைசியில் வண்டி எடுக்காதீர்கள். நான் 28-ஆம் தேதி எடுத்தாலும் வரி நவம்பர் 1-லிருந்தே கணக்காகும். அதே நவம்பருக்கு விற்றவருக்கும் பணம் திரும்பாது, திருப்பித் தருவது முழு மாதங்களுக்கு மட்டும்தான். ஒரே மாதத்துக்கு இரண்டு பேரிடமும் வரி போகிறது. மூன்று நாள் பொறுத்திருந்தால் கிட்டத்தட்ட 47 பவுண்டு மிஞ்சியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் இருக்கிற அண்ணன் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷமானவர். சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாருக்கு தம்பி. லிஸ்ட் பிரைஸ் என்னன்னு பாத்தியா?" என்று கேட்டார். "அது எதுக்குண்ணே, நான் இருபத்திரெண்டுக்குத்தானே வாங்கினேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து சர்வீஸ் புத்தகம் வைத்திருந்த உறையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள், முதல் உரிமையாளருக்குக் கொடுத்த ஒரிஜினல் பில். மடிப்பில் மை கொஞ்சம் தேய்ந்திருந்தது. வண்டி 39,190. மெட்டாலிக் பெயின்ட் 625. தொழிற்சாலையிலேயே பொருத்திய இழுவைக் கொக்கி 710. ஆக மொத்தம் 40,525. அதற்குக் கீழே தள்ளுபடி என்று ஒரு வரி, கடைசியில் அவர் உண்மையில் கொடுத்த தொகை 36,900.

சட்டம் இதுதான். 2017 ஏப்ரல் 1-லிருந்து முதல் பதிவான கார்களில், லிஸ்ட் பிரைஸ் 40,000 பவுண்டைத் தாண்டியவற்றுக்கு, இரண்டாவது தடவை வரி கட்டும்போது ஆரம்பித்து ஐந்து வருஷத்துக்கு வழக்கமான வரியோடு ஒரு கூடுதல் தொகை உண்டு. லிஸ்ட் பிரைஸ் என்றால் பதிவுக்கு முன் கம்பெனி வெளியிட்ட விலை. அதில் வாட் வரி, டெலிவரி, தொழிற்சாலையில் சேர்த்த பெயின்ட், கூரைக் கண்ணாடி, கொக்கி எல்லாம் அடக்கம். தள்ளுபடி கணக்கில் வராது. பழைய வண்டியாக வாங்கினால் நீங்கள் கொடுத்த விலையும் கணக்கில் வராது. 2023-இல் வழக்கமான வரி 180, கூடுதல் 390. 2024-இல் 190-உம் 410-உம். 2025-இல் 195-உம் 425-உம். ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடிக்கொண்டே வருகிறது. ஆனால் அந்த நாற்பதாயிரம் என்ற எல்லைக்கோடு மட்டும் என் மாதிரி பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு 2017-இல் போட்ட இடத்திலேயே நிற்கிறது. அந்த வருஷம் நாற்பதாயிரத்துக்கு விற்ற வண்டி வேறு, இப்போது அந்த விலைக்கு விற்கிற வண்டி வேறு. குடும்ப வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தத் தாளை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கொக்கி இல்லாவிட்டால் 39,815. கோட்டுக்குக் கீழே. என்னிடம் கேரவன் இல்லை, எதையும் நான் இழுப்பதில்லை. சாமான் இறக்கும்போது முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொள்வதைத் தவிர அந்தக் கொக்கியோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ ஒருவர் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்ட கொக்கிக்கு நான் 1,225 பவுண்டு கட்டியிருக்கிறேன். அவர் கொடுத்தது 36,900. நான் கொடுத்தது 22,300. இந்த வண்டிக்கு இன்றுவரை யாருமே நாற்பதாயிரம் கொடுத்ததில்லை. அப்படியானால் இது யாருடைய வசதியின் மேல் போட்ட வரி? இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்டட்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே வரியே கூடாது என்கிறாயா என்று கேட்கிறார்கள். ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதி அமைச்சராக இருந்தபோது 2015 ஜூலை பட்ஜெட்டில் இதை அறிவித்தார். அதற்கு முன் வரி வண்டி விடுகிற புகையை வைத்து இருந்தது. புதிய முறையில் முதல் வருஷத்துக்குப் பிறகு, மின்சார வண்டி தவிர, எல்லோருக்கும் ஒரே தொகை என்று மாற்றினார்கள். அப்படிச் செய்தால் மிக விலை உயர்ந்த வண்டி வாங்குபவரும் சின்ன வண்டி வாங்குபவரும் ஒன்றாகிவிடுவார்களே என்றுதான் இந்தக் கூடுதலைச் சேர்த்தார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் அது வந்து விழும் இடத்தைப் பாருங்கள். 2025 கணக்குப்படி 40,001 பவுண்டு வண்டிக்கும் 425, இரண்டு லட்சம் பவுண்டு வண்டிக்கும் அதே 425. நடுவில் படிகளே இல்லை. ஆறு வருஷம் ஆனதும் அந்த இரண்டு லட்சம் வண்டியும் என் அண்டை வீட்டுப் பாட்டியின் சின்ன பெட்ரோல் வண்டியும் ஒரே வழக்கமான வரிதான். புது வண்டியை வாங்கி ஒரு வருஷத்தில் மாற்றிவிடுகிற வசதிக்காரர் இந்தக் கூடுதலைக் கட்டவே வேண்டாம், ஏனென்றால் அது இரண்டாவது வருஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஐந்து வருஷமும் அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் தலையில்தான்.

இதை அந்த அண்ணனோடு பலமுறை பேசியிருக்கிறேன். அவர் ஒரு நியாயம் சொன்னார், அதை மறைக்க எனக்கு மனமில்லை. "தம்பி, அந்த வரி இருக்கிறதாலதானே உனக்கு நானூறு குறைச்சுக் கொடுத்தான்? சந்தை அதைக் கணக்கு வச்சிடும்" என்றார். பாதி உண்மை. கவென்ட்ரி வெள்ளை வண்டி ஏன் நானூறு அதிகம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதற்குக் கொக்கி இல்லை, சாதாரண வெள்ளை, கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆனால் விற்பவருக்கு அந்தக் கணக்கு தெரியும், எனக்குத் தெரியாது. நானூறு குறைத்துவிட்டு ஆயிரத்துக்கு மேல் என் தலையில் ஏறியது. தெரிந்தவர் பேரம் பேசித் தப்பிப்பார், தெரியாதவர் முழுதும் கட்டுவார் என்றால் அது வசதியைப் பார்த்து வாங்கும் வரி இல்லை. அதை முதல் பதிவின்போதே, பெயின்ட்டும் கொக்கியும் தேர்ந்தெடுத்த அந்தக் கையிலேயே வாங்கிவிட வேண்டும், அதுவும் உண்மையில் கொடுத்த விலைக்கு ஏற்றபடி படிப்படியாக. அப்போது யார் மேல் போட நினைத்தார்களோ அவர்கள் மேலேயே போய் விழும்.

டீலரிடம் இரண்டு தடவை எழுதினேன். முதல் பதில், சாலை வரியை உறுதி செய்துகொள்வது வாங்குபவர் பொறுப்பு என்று விளம்பரத்தின் அடியில் போட்டிருக்கிறோம் என்றது. இரண்டாவதுக்குப் பதிலே வரவில்லை. 180 என்று போட்டிருந்த விளம்பரத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை. வண்டி விற்றவுடன் அதை எடுத்துவிட்டார்கள். என் நோட்டில் என் கையெழுத்தில் இருந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன நிரூபிப்பது? 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய பொருள் அவர்கள் சொன்ன விவரத்துக்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்பதே எனக்குப் பிப்ரவரியில்தான் தெரிந்தது. வரித் தொகைக்கு அது பொருந்தியிருக்குமா என்பது வாதத்துக்குரிய விஷயம், ஆனால் கேட்பதற்காவது கையில் ஒரு படம் இருந்திருக்கும். அதனால் விளம்பரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில், "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். சண்டை என்று வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாக வழி சொல்வார்கள். அங்கே நான் தாமதமாகப் போனேன்.

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். லாக் புக்கில் லிஸ்ட் பிரைஸ் அச்சாகி இருக்காது, அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் லாக் புக்கில் 11 இலக்க எண் ஒன்று இருக்கும். வண்டி எண்ணோடு அதையும் போட்டால், வண்டிப் பதிவையும் வரியையும் பார்க்கிற அரசு அமைப்பான டிவிஎல்ஏ-வின் தளத்தில் அந்த வண்டிக்கு உண்மையில் எவ்வளவு வரி என்று காட்டிவிடும். டீலரிடம் லாக் புக் இருக்கும், உங்கள் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே புரிந்துகொள்ளலாம். முதல் பதிவுத் தேதியை வண்டி எண்ணை மட்டும் வைத்தே பார்க்கலாம். அது ஆறு வருஷம் தாண்டியிருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். தாண்டவில்லை என்றால், மீதி எத்தனை வருஷம் என்று பெருக்கி அந்தத் தொகையை வண்டி விலையிலேயே கூட்டிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலேயே ஒரு வண்டி கோட்டுக்கு மேலும் இன்னொன்று கீழும் இருக்கும், பெயின்ட்டும் சக்கரமும் கூரைக் கண்ணாடியும் அதைத் தீர்மானித்துவிடும். "இந்த மாடலுக்கு வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த வண்டிக்கு வருமா என்று கேளுங்கள்.

மின்சார வண்டி பார்ப்பவர்களுக்கு விதி கொஞ்சம் வேறு. 2017 ஏப்ரல் 1-லிருந்து 2025 மார்ச் வரை பதிவான மின்சாரக் கார்களுக்கு, எவ்வளவு விலை இருந்தாலும் இந்தக் கூடுதல் கிடையாது. ஏப்ரல் 1-லிருந்து வழக்கமான 195 மட்டும் அவற்றுக்கும் வந்தது. 2025 ஏப்ரல் 1-லிருந்து பதிவானவை எல்லையைத் தாண்டினால் இரண்டாவது வருஷத்திலிருந்து கூடுதலும் கட்ட வேண்டும். அப்புறம் 2025 நவம்பர் பட்ஜெட்டில் மின்சார வண்டிகளுக்கு மட்டும் அந்த எல்லையை 2026 ஏப்ரலிலிருந்து 50,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். அதனால் மின்சார வண்டியில் பதிவுத் தேதி ஒரு நாள் முன்னே பின்னே இருப்பதுகூட ஐந்து வருஷத்தில் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் வித்தியாசம் காட்டும்.

என் வண்டிக்கு 2027 செப்டம்பர் வரை இது தொடரும். நடுவில் விற்றுவிடலாமா என்று யோசித்தேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். இன்னொரு குடும்பம் இதே மாதிரி தெரியாமல் வந்து வாங்கும், அதைச் சொல்லாமல் விற்க மனசு வராது, சொன்னால் விலை போகாது.

2025 நவம்பரில் மனைவியோடு வேலை பார்க்கிற அக்கா ஒருவர் டெர்பியில் ஒரு டீலரிடமிருந்து போன் செய்தார். "தம்பி, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு பாத்துட்டேன், 2023 வண்டி, முன்பணம் கட்டட்டுமா?" என்றார். "அக்கா, இருங்க. முதல்ல டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து பழைய பில் இருக்கான்னு பாருங்க" என்றேன். பில் இல்லை. லாக் புக் எண்ணை அடிக்கச் சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகப் படித்து அடிக்க, பக்கத்தில் சேல்ஸ்மேன் ஏதோ பேசுவது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "620-ன்னு வருது தம்பி" என்றார். இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அப்படியே சேல்ஸ்மேனிடம் காட்டி 1,200 குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். சேல்ஸ்மேன் 700 வரைக்கும்தான் இறங்கினார். அக்கா கிளம்பி வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வேறொரு டீலரிடம் அதே மாடலில் ஒரு வெள்ளை வண்டி எடுத்தார், கொக்கியில்லாமல், கூரைக் கண்ணாடியில்லாமல், வரி 195. டிசம்பர் 1-ஆம் தேதி காலையில் போய்த்தான் சாவி வாங்கினார்.